மட்டியின் மரபணுவை வைத்து நீரின் மாசை அறிய முடியுமா? அரூர் மாணவருக்கு ஒரு பதில்

அரூர்ப் பக்கத்திலிருந்து முதுநிலை விலங்கியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: “கடல் மட்டிகளில் மரபணு வெளிப்பாட்டை அளந்து கடல் மாசைக் கண்காணிக்கிறார்கள் என்று பாடத்தில் படித்தேன். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா? கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை ஆய்வுத் திட்டமாக எடுக்க முடியுமா? பத்து மரபணுக்களாவது அளந்தால்தான் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.”

வேலை செய்கிறது தம்பி, சில நிபந்தனைகளோடு. நீங்கள் தாராளமாக எடுக்கலாம். கடல் இல்லாவிட்டால் என்ன, தென்பெண்ணை இருக்கிறதே. ஆனால் பத்து மரபணு வேண்டாம். மூன்று போதும். மிச்சமாகும் பணத்தையும் உழைப்பையும் மட்டிகளை வைக்கும் கூண்டுகளில் போடுங்கள். இந்தத் துறையில் வரும் கட்டுரைகள் பலவற்றில் மரபணுப் பட்டியல் நீளமாக இருக்கும், ஆற்றிலோ கடலிலோ செய்த வேலை மெலிந்திருக்கும். அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாமல் போவதற்கு அதுவே காரணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மட்டி ஏன் என்று பார்ப்போம். மீன் நீந்திப் போய்விடும். இன்று பிடித்த மீன் நேற்று எந்தத் தண்ணீரில் இருந்தது என்று சொல்ல முடியாது. மட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். வளர்ந்த கடல் மட்டி ஒன்று மணிக்கு ஓரிரு லிட்டர் நீரைச் செவுள் வழியாக இழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்கிறது. கூடவே வரும் காட்மியம், ஈயம், பூச்சிமருந்து, எண்ணெய்க் கழிவு எல்லாம் உடலில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரில் கருவிக்கே எட்டாத அளவில் இருக்கும் பொருள்கூட மட்டியின் சதையில் பல ஆயிரம் மடங்கு செறிந்து நிற்கும். எண்ணெயில் வரும் பல வளைய ஹைட்ரோகார்பன்களை மீனின் கல்லீரல் வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். மட்டிக்கு அந்தத் திறமை குறைவு என்பதால் அவை அதன் உடலிலேயே கிடக்கும். கண்காணிப்பவருக்கு இது பெரிய வசதி.

அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் இருந்த எட்வர்ட் கோல்ட்பர்க் 1975இல், உலகக் கடற்கரைகள் முழுக்க மட்டிகளைச் சேகரித்து ஆராய்ந்தால் மாசின் வரைபடமே கிடைக்கும் என்று முன்மொழிந்தார். அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பு 1986 முதல் அதைத் தொடர் திட்டமாகவே நடத்துகிறது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து தடை செய்யப்பட்ட பிறகு அந்நாட்டுக் கரைகளில் அதன் அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்ததை மட்டிச் சதையிலிருந்து காட்ட முடிந்தது.

ஆனால் சதையில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது அந்த உயிரை என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. வேதியியல் சோதனையில் நாம் எதைத் தேடுகிறோமோ அது மட்டுமே தெரியும். பட்டியலில் இல்லாத ஒரு சாயப் பொருளோ புதிய பூச்சிமருந்தோ இருந்தால் கண்ணில் படாமலே போகும். ஒவ்வொன்றும் பாதுகாப்பான அளவுக்குள் இருந்து, எல்லாம் சேர்ந்து கெடுதல் செய்யும்போதும் அந்தச் சோதனை அமைதியாகவே இருக்கும்.

தர்மபுரிக்காரர்களுக்கு இதில் சொல்லிப் புரிய வைக்க வேண்டியது குறைவு. நம் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தன. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிறகுதான், பெரியவர்களின் மூட்டும் முதுகும் இறுகிய பிறகுதான், ஃப்ளூரைடு பேசுபொருளானது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரைத் தலைமுறைகளாகக் குடித்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. பல்லில் கறை தெரிகிறது என்றால் கெடுதல் நடந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். பல் முளைக்கும் முன்பே பதிந்த பாதிப்பைத் திரும்ப எடுக்க முடியாது. உடலில் தெரியும் அடையாளம் எப்போதும் கடைசியில்தான் வருகிறது. மரபணு வெளிப்பாட்டை, அதாவது ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவை, நாடுவதற்கான காரணம் இதுதான்: உயிரணு ஒரு நச்சை உணர்ந்த சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள், அதைச் சமாளிக்கத் தேவையான புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணுவின் செய்தியைச் சுமக்கும் நகலை, கூட்டத் தொடங்கிவிடுகிறது. ஓட்டின் வளர்ச்சி குறைவதற்கும் முட்டை குறைவதற்கும் மட்டி சாவதற்கும் வெகு முன்பே இது நடக்கும்.

இதில் மிக உறுதியான சான்று உள்ளது மெட்டல்லோதயோனின் என்ற சிறு புரதத்துக்கு. 1957இல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம் உள்ள சிஸ்டீன். அந்தக் கந்தகம் காட்மியம், பாதரசம், செம்பு, துத்தநாகம் ஆகிய உலோகங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். உலோகம் உள்ளே வந்தால் இந்தப் புரதத்தின் மரபணு விழித்துக்கொள்ளும். மத்தியதரைக் கடல் மட்டியில் இதற்கு இரண்டு வகை மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று சாதாரண நாளிலும் ஓடிக்கொண்டிருக்கும். செம்பு, துத்தநாகம் போன்ற தேவையான உலோகங்களைப் பராமரிப்பது அதன் வேலை. இன்னொன்று அநேகமாக உறங்கிக் கிடக்கும். காட்மியம் வந்தால் பல மடங்கு எழும்பும். இரண்டையும் ஒரே பிரைமரால் (அளக்க வேண்டிய மரபணுவைத் தேடி ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) சேர்த்து அளந்தால் இந்த வேறுபாடு கரைந்துபோய்விடும். எந்த மரபணு என்று மட்டும் கேட்காமல் அதன் எந்த வடிவம் என்றும் கேட்டுப் பழகுங்கள்.

அடுத்து வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70. பழ ஈயின் குரோமோசோமில் சூடு பட்டதும் சில இடங்கள் புடைத்தெழுவதை ரிட்டோசா 1962இல் பதிவு செய்தார். அங்கிருந்து தொடங்கிய கதை இது. புரதங்கள் குலையும்போது அவற்றைத் தாங்கிப் பிடிக்க இது வருகிறது. உலோகத்துக்கும் எழும், பூச்சிமருந்துக்கும் எழும், வெயிலுக்கும் எழும், உப்பு குறைந்தாலும் எழும். நம் உடம்பில் காய்ச்சல் மாதிரி: ஏதோ சரியில்லை என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. 2012இல் பசிபிக் ஆளி என்ற சிப்பியின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது அதில் இந்த வகை மரபணு 88 இருப்பது தெரிந்தது, மனிதரில் 17தான். அலை இறங்கினால் வெயிலில் காய்ந்து, ஏறினால் நீரில் மூழ்கி வாழும் உயிர் அல்லவா, அதற்கு அத்தனை தேவைப்பட்டிருக்கிறது. ஆக “எச்.எஸ்.பி. 70 (வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70) கூடியது” என்று எழுதினால், அந்தக் கூட்டத்தில் எது என்று கேட்பார்கள்.

இனி, பாடப்புத்தகத்தில் மீனுக்குச் சொன்னதை அப்படியே மட்டிக்கு எடுத்து எழுதுவதால் வரும் குழப்பம். இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மீனில் எண்ணெய் மாசைக் காட்ட சி.ஒய்.பி. 1ஏ என்ற மரபணு அருமையான அளவுகோல். எண்ணெயின் வளைய ஹைட்ரோகார்பனும் டயாக்ஸின் என்ற நச்சும் ஏ.எச். ஏற்பி என்ற புரதத்தில் போய் ஒட்டும், அது இந்த மரபணுவை இயக்கும். இருசிப்பி உயிர்களிலும் ஏ.எச். ஏற்பி இருக்கிறது, ஆனால் மென்னோட்டு மட்டி ஒன்றில் சோதித்தபோது அது டயாக்ஸினோடு ஒட்டவே இல்லை. சங்கிலியின் முதல் கண்ணியே வேறு மாதிரி. மட்டியில் இந்த மரபணு எழும்பவில்லை என்பதை வைத்து எண்ணெய் மாசு இல்லை என்று எழுதினால் தவறான அறிக்கையாகிவிடும். வைட்டெல்லோஜெனினும் இப்படித்தான். ஆண் மீனில் முட்டைக்கரு புரதத்தின் மரபணு ஓடினால், நீரில் பெண் ஹார்மோன் போன்ற பொருள் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் மட்டி, நத்தை போன்ற மெல்லுடலிகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஏற்பியை ஆராய்ந்தபோது அது ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே இயங்குவதும், ஈஸ்ட்ரோஜனோடு ஒட்டாததும் தெரியவந்தது. அதனால் அந்த அளவுகோலுக்கு மட்டியில் அடித்தளம் இல்லை. இந்த இரண்டும் உங்கள் பத்து மரபணுப் பட்டியலில் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள்.

மெல்லுடலிகளில் ஹார்மோன் குழப்பத்துக்கு உலகம் அறிந்த சான்று வேறொன்று. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க டிரைபியூட்டைல்டின் கலந்த வண்ணம் பூசினார்கள். 1970களில் பிரான்சின் அர்க்கஷோன் வளைகுடாவில் ஆளிகளின் ஓடு தடித்து உருக்குலைந்தது, குஞ்சு பொரிப்பும் சரிந்தது. இங்கிலாந்துக் கரையில் பெண் சங்கு நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அந்த வண்ணத்தைத் தடை செய்தது. உலக அளவிலான ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. அந்த வேதிப்பொருள் ஆர்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியில் ஒட்டித்தான் பெண் நத்தையை மாற்றுகிறது என்பது 2004இல் தெரிந்தது. காரணப் பொருள், ஏற்பி, உடல் மாற்றம் என்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திய இடம் அது. மரபணு அளவீடு அந்த உறுதியை எட்ட வேண்டும் என்பதே இத்துறையில் இருக்கும் எல்லோரின் ஆசையும். மெட்டல்லோதயோனினும் காட்மியமும் ஓரளவு அங்கே வந்துவிட்டன. மற்றவை இன்னும் வழியில் இருக்கின்றன.

அளக்கும் முறைக்கு வருவோம். கொரோனா காலத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். என்ற பெயர் பெட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்தது, சி.டி. மதிப்பு எத்தனை என்று ஊரே கேட்டது. அதே கருவி, அதே சி.டி.தான் இங்கும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், ஒளி எத்தனையாவது சுற்றில் தெரிகிறது என்று பார்க்கிறோம். அந்தச் சுற்றின் எண்தான் சி.டி. சீக்கிரம் தெரிந்தால் தொடக்கத்தில் நிறைய இருந்தது என்று பொருள். ஒரு சுற்று வித்தியாசம் இரண்டு மடங்கு, 3.3 சுற்று வித்தியாசம் பத்து மடங்கு.

ஆனால் ஒரு மாதிரியில் ஆர்.என்.ஏ. கூடவும் இன்னொன்றில் குறையவும் வாய்ப்பு இருப்பதால், எப்போதும் மாறாத ஒரு மரபணுவை மேற்கோளாக வைத்துக் கழிக்கிறோம். முழுக் கணக்கும் இந்த மேற்கோளின் மீதுதான் நிற்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். மாசுபட்ட இடத்து மட்டியில் மெட்டல்லோதயோனின் 24ஆம் சுற்றில் தெரிகிறது, மேற்கோள் 18இல். சுத்தமான இடத்தில் 27, 18. வித்தியாசங்கள் 6, 9, இடைவெளி 3, ஆக எட்டு மடங்கு. இப்போது மாசினால் மேற்கோள் மரபணுவே பாதியாகக் குறைந்து 18க்குப் பதில் 19இல் தெரிகிறது என்று வையுங்கள். கணக்கில் பதினாறு மடங்கு வந்து நிற்கும். மட்டி செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதிவிடுவோம். ஆக்டினை எல்லோரும் மேற்கோளாக வைக்கிறார்கள் என்பதால் நீங்களும் வைக்காதீர்கள். ஆக்டின் உயிரணுவின் கூட்டைக் கட்டும் புரதம்; அந்தக் கூடு குலையும்போது அதுவும் ஆடும். மூன்று மேற்கோள் மரபணுக்களைச் சோதித்து, உங்கள் மட்டியில், உங்கள் ஆற்று நிலைமையில் எவை அசையவில்லை என்று காட்டிவிட்டு அவற்றின் சராசரியை வையுங்கள். அளக்கும் மரபணு மூன்று, மேற்கோள் மூன்று. பத்து வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு பெரிய காரணம் ஆற்றில் இருக்கிறது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் பக்கக் கழிவுகளையும் வாங்கிக்கொண்டு ஓசூருக்கு அருகே நம் எல்லைக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாய் நுரை பொங்கி நின்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கே.ஆர்.பி. அணை, பிறகு இருமத்தூர், ஈச்சம்பாடி அணைக்கட்டு, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று போய்க் கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. நுரை சோப்புப் பொருளுக்கும் கழிவுநீருக்கும் சாட்சி. உலோகம் இருக்கிறதா என்று அது சொல்லாது. உலோகம் பெரும்பாலும் வண்டலோடு ஒட்டி அணைகளின் அடியில் படியும். வெள்ளம் வந்தால் அந்த வண்டல் கலங்கிக் கீழே போகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை மூழ்கியதும், சாத்தனூரில் திறந்த நீர் கடலூர் வரை ஊர்களை அடித்துக்கொண்டு போனதும் நினைவிருக்கும். கடல் மாசு பற்றிய ஆய்வை நம் மாவட்டத்தில் செய்வதில் பொருத்தமின்மை எதுவும் இல்லை. கடலுக்குப் போகும் சரக்கு நம் வழியாகத்தான் போகிறது.

உங்களுக்கு ஏற்ற உயிர் நம் ஏரி, குளங்களில் சேற்றில் புதைந்து கிடக்கும் நன்னீர் மட்டி, லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ். கையளவு வளரும், நன்னீர் முத்து வளர்ப்பிலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆற்றில் கிடைக்கிற இடத்தில் கிடைத்ததைப் பொறுக்கி அளக்காதீர்கள். கெலவரப்பள்ளி மட்டி பல தலைமுறையாக அந்த நீரில் தாக்குப்பிடித்த வம்சமாக இருக்கலாம், ஈச்சம்பாடி மட்டி வேறு வம்சமாக இருக்கலாம். வேறுபாடு நீரிலிருந்து வந்ததா வம்சத்திலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒரே குளத்திலிருந்து, ஒரே அளவிலான மட்டிகளை எடுத்து, ஓரிரு வாரம் தொட்டியில் பழக்கி, கூண்டில் வைத்து ஒவ்வொரு இடத்திலும் இறக்குங்கள். கடல் பச்சை மட்டியைக் கயிற்றில் தொங்கவிடலாம். அது நார் விட்டு ஒட்டிக்கொள்ளும். நம் மட்டிக்குப் புதைய மண் வேண்டும், ஆகவே தட்டில் சுத்தமான மணலும் வண்டலும் போட்ட கூண்டு. மூன்று அல்லது நான்கு வாரம் போதும்.

இங்கேதான் எண்ணிக்கைக் கணக்கு பலருக்குத் தப்பிவிடுகிறது. கெலவரப்பள்ளியில் ஒரு கூண்டு வைத்து அதிலிருந்து முப்பது மட்டி எடுத்தால் உங்களிடம் இருப்பது முப்பது சான்று என்று எண்ண வேண்டாம், இருப்பது ஒன்று. அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் ஏதோ செத்து அழுகினாலும் முப்பதிலும் தெரியும். ஹர்ல்பர்ட் 1984இலேயே ஒரே சான்றைப் பலவாக எண்ணும் இந்தப் போலி மறுசெய்கையைப் பற்றி விரிவாக எழுதி எச்சரித்தார், இன்றும் நடக்கிறது. ஓர் இடத்துக்கு மூன்று கூண்டாவது, ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். கூண்டின் சராசரியை ஓர் எண்ணாக எடுங்கள். அணைக்குள் வைக்க நீர்வளத் துறை அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம் அங்கே பரிசலில் வலை விடும் மீனவர்களிடம் பேசுவது. என்ன வைக்கிறோம், எதற்கு என்று அவர்களுக்குப் புரிந்தால் கூண்டைக் காப்பாற்றுவதும் அவர்களே. தண்ணீர் எந்த நாள் நிறம் மாறியது, எப்போது மீன் மிதந்தது என்று எந்தக் கருவியும் சொல்லாததைச் சொல்வதும் அவர்களே.

ஒப்பீட்டுக்குச் சுத்தமான இடம் எது என்பது இந்த ஆற்றில் கடினமான கேள்வி. வழக்கமாக ஆலைக்கு மேல்பகுதியை ஒப்பீடாக எடுப்பார்கள். தென்பெண்ணை நம் எல்லைக்கு வரும்போதே சுமையோடு வருவதால் மேல்பகுதி உதவாது. சேர்வராயன் மலையடியில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருக்கும் வாணியாறு அணை போன்ற ஒன்றைப் பாருங்கள். ஆனால் வெப்பநிலையும் நீரின் கடினத்தன்மையும் ஒத்துப்போக வேண்டும். நீரில் கால்சியம் கூடினால் மட்டிக்குள் காட்மியம் நுழைவது குறையும். மென்மையான நீரில் அதே காட்மியம் அதிகம் நுழையும். இதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு இடங்களை ஒப்பிட முடியாது. கடலோரத்தில் உப்புத்தன்மை செய்யும் குழப்பத்தை இங்கே கடினத்தன்மை செய்கிறது. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரத்தின் உப்பு சட்டென்று இறங்கும்போது அங்குள்ள மட்டிகளின் மரபணுக்கள் மாசு இல்லாமலே ஏறி இறங்கும்.

கரைந்த ஆக்ஸிஜனை விடியற்காலையில் அளந்து எழுதிவையுங்கள். கழிவுநீர் சேர்ந்த அணையில் பகலில் பாசி ஆக்ஸிஜன் தரும், விடியலில் வற்றிப்போயிருக்கும். மூச்சு முட்டும் மட்டியில் வெப்ப அதிர்ச்சிப் புரதம் எழும்; மெட்டல்லோதயோனின்கூட ஓரளவு எழக்கூடும், ஏனெனில் அது உலோகத்துக்கு மட்டுமே எழுவதில்லை, ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்துக்கும் எழும். மதியம் பதினோரு மணிக்குப் போய் அளந்துவிட்டு ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது என்று எழுதிய ஆய்வை நான் நம்புவதில்லை.

மாதிரி எடுப்பதில் ஒரே விதி: கரையிலேயே, சில நிமிடங்களுக்குள். பிடுங்கியதும் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். உள்ளே காற்றில்லாத வாழ்க்கைக்கு மாறிவிடும். பையில் போட்டுப் பேருந்தில் தர்மபுரிக்குக் கொண்டுவந்து அறுத்தால் நீங்கள் அளப்பது பேருந்துப் பயணத்தை. செரிமானச் சுரப்பியை எடுங்கள், உலோகம் அங்கேதான் சேரும். செவுளை எடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. பெண் நன்னீர் மட்டி தன் லார்வாக்களைச் செவுளில்தான் சுமக்கும். அந்தக் காலத்தில் செவுளை எடுத்தால் தாயோடு குஞ்சுகளின் ஆர்.என்.ஏ.வும் கலந்து வரும். துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ.லேட்டர் திரவம் உள்ளே ஊறாது. அந்தத் திரவத்தில் 25 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும் என்பார்கள், 37 டிகிரியில் ஒரு நாள்தான். சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பனிப்பெட்டி இல்லாமல் போகாதீர்கள்.

ஆய்வகத்தில் ஒன்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆர்.என்.ஏ.வின் தரத்தை, அதில் மிகுந்திருக்கும் 28எஸ், 18எஸ் என்ற இரண்டு ரைபோசோம் ஆர்.என்.ஏ. பட்டைகளை வைத்துப் பார்ப்பார்கள். மெல்லுடலிகளின் 28எஸ்ஸில் நடுவே மறைவான ஒரு வெட்டு உண்டு. சூடாக்கியதும் இரண்டாகப் பிரிந்து 18எஸ்ஸோடு ஒரே பட்டையாக ஓடும். தரம் பார்க்கும் கருவி மனித மாதிரிக்கு எழுதப்பட்டது, ஆகவே ஆர்.என்.ஏ. சிதைந்துவிட்டது என்று மிகக் குறைந்த மதிப்பெண் போடும். நல்ல மாதிரியைக் குப்பையில் கொட்டிய மாணவர்கள் இருக்கிறார்கள். மட்டியின் கோழைச் சர்க்கரை பி.சி.ஆரைத் தடுக்கும் என்பதும் உண்மை. மாதிரியைப் படிப்படியாக நீர்க்கச் செய்து ஓட்டிப் பார்த்து, பெருக்கத்திறன் (ஒவ்வொரு சுற்றிலும் உண்மையிலேயே இரட்டிப்பாகிறதா என்ற அளவு) 90 முதல் 110 சதவீதத்துக்குள் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

எந்த மூன்று மரபணு? மெட்டல்லோதயோனின், வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70, குளூடாதயோன் எஸ் டிரான்ஸ்ஃபெரேஸ். முதலாவது உலோகத்துக்கு, இரண்டாவது பொதுவான அழுத்தத்துக்கு, மூன்றாவது பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருள்களைக் கழிக்கும் வேலைக்கு. ஓசூர்ப் பக்கப் பூப்பண்ணைகளும் காவேரிப்பட்டினத்து மாந்தோப்புகளும் மருந்து தெளிக்கும் நிலங்கள் என்பதால் மூன்றாவதை விட்டுவிட வேண்டாம். ஆற்றுக்குப் போகும் முன் தொட்டியில், அளவு தெரிந்த காட்மியத்தில் சில மட்டிகளை வைத்து, உங்கள் பிரைமர் பிடிக்கும் மரபணு உண்மையிலேயே எழுகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஆற்றில் எழவில்லை என்று சொல்வதற்கு மதிப்பில்லை. அந்தக் காட்மியத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், தனியே சேர்த்து முறைப்படி ஒப்படையுங்கள்.

முடிவைப் படிக்கும்போது அதிகம் ஏமாற்றுவது குறைவான எண். மாசு கூடக் கூட மரபணு ஏறிக்கொண்டே போகும் என்று நேர்கோடு போடாதீர்கள். ஓர் அளவு வரை ஏறும், அதற்கு மேல் உயிரணுவே தளர்ந்து இறங்கும். சில மட்டிகள் மோசமான நீரில் ஓட்டை மூடிக்கொண்டு நாள்கணக்கில் எதையும் உள்ளே விடாமல் கிடக்கும். அவற்றின் மரபணு வாணியாறு மட்டியைப் போலவே அமைதியாக இருக்கும். கெலவரப்பள்ளியில் மூன்று மரபணுவும் தாழ்ந்து வந்தால் அது சுத்தத்தின் அடையாளமாகவும் இருக்கலாம், சாவின் விளிம்பாகவும் இருக்கலாம். இதைப் பிரித்துச் சொல்ல மலிவான சோதனை ஒன்று உண்டு. மட்டியின் இரத்த அணுக்களில் நியூட்ரல் ரெட் சாயத்தை ஏற்றி, லைசோசோம் (உயிரணுவுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பை) அதை எத்தனை நிமிடம் தக்கவைக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. நலமான அணு நீண்ட நேரம் வைத்திருக்கும், நொந்த அணு சீக்கிரம் கசியவிடும். பத்தாவது மரபணுவுக்குச் செய்யும் செலவைவிட இது பல மடங்கு பயன் தரும். அதோடு எத்தனை மட்டி செத்தது, எடை கூடியதா என்பதும் உங்கள் அட்டவணையில் இருக்கட்டும்.

மெட்டல்லோதயோனின் எழுந்து, சதையில் காட்மியமும் கூடியிருந்து, ஆக்ஸிஜன் நன்றாக இருந்தால், உலோகம் உள்ளே போய் வேலை செய்கிறது என்று எழுதுங்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதம் மட்டும் எழுந்து விடியல் ஆக்ஸிஜன் தாழ்ந்திருந்தால், கழிவுநீரால் மூச்சுமுட்டல் என்ற சந்தேகத்தை முன்வையுங்கள். எதுவும் பொருந்தாமல் மரபணு மட்டும் எழுந்திருந்தால், வேதியியல் பட்டியலில் இல்லாத ஒன்று இருக்கலாம் என்று எழுதி, அடுத்து எதைத் தேட வேண்டும் என்று சொல்லுங்கள். குறிப்பிட்ட ஓர் ஆலையின் பெயரை மரபணு எண்ணோடு இணைத்து எழுதாதீர்கள்; இந்த அளவீடு அந்த வேலைக்கு உரியதல்ல. தூது ஆர்.என்.ஏ. கூடியது என்பதாலேயே புரதமும் அதே அளவு கூடியது என்று எழுதுவதும் கூடாது.

கடல் பகுதியையும் சேர்க்க விரும்பினால், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அங்குள்ளவர்களிடம் பேசி, கடலூர் முகத்துவாரத்தில் பச்சை மட்டியையோ ஆளியையோ இதே முறையில் வைத்துப் பார்க்கலாம். அங்கே இனத்தை உறுதி செய்யாமல் தொடங்காதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய வேற்று மட்டி ஒன்று எண்ணூரில் உள்ளூர்ச் சிப்பிகளை மூடி வளர்ந்துவிட்டது. மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். சிறு குஞ்சாக இருக்கையில் கலந்துவிட்டால் கண்ணால் பிரிப்பது எளிதாக இருக்காது. 2017 ஜனவரியில் எண்ணூரில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோதும், “முன்பு எப்படி இருந்தது” என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. கெட்டது நடப்பதற்கு முந்தைய மட்டிகளின் அளவீடு கையில் இருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு.

ஆகவே ஒவ்வொரு கூண்டிலிருந்தும் எடுத்த திசுவில் பாதியை மைனஸ் 80 டிகிரியில், இடமும் தேதியும் வெப்பநிலையும் எழுதிய அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். மட்டியின் ஓடுகளையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு இவை தேவைப்படாது. அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு தென்பெண்ணையில் இறங்கும் இன்னொரு மாணவருக்குத் தேவைப்படும்.